தேயிலை முடிகிற இடத்தில் புலி தொடங்குகிறது... தெரியுமா?

மலேசியாவின் கேமரன் மலையில் தேயிலை வரிசை முடிகிற இடத்தில் காடு தொடங்கும். அந்தக் காட்டு மலைத்தொடர் எங்கே போய் முடிகிறது தெரியுமா? வடக்கே தாய்லாந்து எல்லையில்! தெற்கே நெகிரி செம்பிலானில்! ஏறக்குறைய 480 கிலோமீட்டர் நீளம்! அதுதான் திதிவாங்சா. அதன் நடுவில், பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உட்கார்ந்திருக்கிறது கேமரன் மலை.

அந்த மலைத்தொடரின் ராஜா யார்? மலாயாப் புலி! காட்டில் இப்போது எத்தனை மிச்சம்? தீபகற்ப மலேசியா முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும்... 150-க்கும் குறைவு!

ஆம், நூற்றைம்பதுதான்! அதுவும் முழுதாக இல்லை!

தமிழ்நாட்டில் மட்டும் 2022 கணக்கெடுப்பில் எத்தனை புலி தெரியுமா? 306! நம் ஒரு மாநிலத்தில் இருப்பதில் பாதிகூட அங்கே ஒரு நாட்டில் இல்லை! அந்த நாட்டின் சின்னத்தைப் பாருங்கள், இரண்டு பக்கமும் இரண்டு புலிகள் நிமிர்ந்து நிற்கும்! தேசியக் கால்பந்து அணியின் செல்லப்பெயரே ஹரிமாவ் மலாயா, மலாயாப் புலி! நாட்டின் மிகப் பெரிய வங்கியான மேபேங்க்கின் முத்திரையிலும் புலி முகம்!

1950-களில் எத்தனை இருந்தன என்று நினைக்கிறீர்கள்? சுமார் 3,000 என்பது அந்தக் கால மதிப்பீடு. எழுபது ஆண்டுக்குள் இருபதில் ஒரு பங்கு! தாத்தா காலத்தில் இருபது புலி உலவிய காட்டில் பேரன் காலத்தில் ஒன்று!

எண்ணியது யார்? எப்படி?

புலியை நேரில் பார்த்து எண்ண முடியாது. அந்தக் காட்டில் பத்தடி தள்ளி நின்றாலும் கண்ணில் படாது! அதனால் 2016 முதல் 2020 வரை மலேசிய வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான், தொண்டு அமைப்புகளோடு சேர்ந்து நாட்டின் முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பை நடத்தியது. ஆயுதம் என்ன? மரத்தில் கட்டிய தானியங்கிக் கேமரா! எதிரே ஏதாவது நடந்தால் போதும், படம் எடுத்துவிடும்.

சரி, ஒரே புலி பத்து முறை வந்து பத்துப் படத்தில் விழுந்தால்? குழப்பமே இல்லை! ஒரு புலியின் கோடுகள் இன்னொரு புலிக்கு இருக்காது. நம் கைரேகை மாதிரியேதான்! இன்னும் கேளுங்கள். ஒரே புலியின் இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும்கூட வேறு வேறு! அதனால்தான் கேமராவை ஒற்றையாகக் கட்டாமல் பாதையின் இரு பக்கமும் ஜோடியாகக் கட்டுகிறார்கள். அந்தக் கோடுகள் முடியில் மட்டும் இல்லை. முடியைச் சிரைத்துவிட்டால் தோலிலும் அதே கோடு தெரியும்!

பெயர் வைத்தது 2004-இல்தான்!

இந்தப் புலி இந்தக் காட்டில் உலவுவது பல்லாயிரம் ஆண்டாக. தனிப் பெயர் கிடைத்தது எப்போது தெரியுமா? 2004-இல்! அதுவரை இந்தோசீனப் புலிக் கணக்கில்தான் இதையும் சேர்த்து வைத்திருந்தார்கள். மரபணுவைப் பிரித்துப் பார்த்த அறிவியலாளர்கள் 'இது தனி வகை' என்று சொல்லி, பாந்தெரா டைகிரிஸ் ஜாக்சோனி என்று பெயரிட்டார்கள்.

யார் அந்த ஜாக்சன்? பீட்டர் ஜாக்சன், புலிகளைக் காப்பதற்காகப் பல ஆண்டு உழைத்தவர். அதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? ராய்ட்டர்ஸ் செய்தியாளர்! 1953-இல் எவரெஸ்ட் சிகரத்தை மனிதன் தொட்டபோது இமயமலையில் இருந்து செய்தி சேகரித்தவர்! இமயத்தின் செய்தியாளர் பெயர் திதிவாங்சாவின் புலிக்கு!

மலேசியாவில் சிலருக்கு அதில் வருத்தம். நம் புலிக்கு நம் நாட்டுப் பெயர் வேண்டாமா என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி என்றே எனக்குத் தோன்றுகிறது. அதோடு முடியவில்லை. 2017-இல் பூனையின வல்லுநர் குழு ஒன்று, ஆசியப் பெருநிலத்தின் புலிகள் எல்லாமே ஒரே வகைதான் என்றது. அடுத்த ஆண்டே முழு மரபணுத் தொகுதியைப் படித்த இன்னொரு குழு, இல்லை, மலாயாப் புலி தனிதான் என்றது! விவாதம் நடந்துகொண்டே இருக்கிறது. புலி நடந்துகொண்டே இருக்கிறது!

சின்னப் புலி... ஆனால் எவ்வளவு பெரிய காடு வேண்டும்!

வங்கப் புலியில் நல்ல ஆண் 200 கிலோவைத் தாண்டும். மலாயாப் புலியோ? 130 கிலோவை எட்டினாலே பெரிய ஆள்! அடர்ந்த காட்டில் புகுந்து புறப்பட அந்த உடம்பே வசதி.

ஆனால் அந்தச் சின்ன உடம்புக்கு எவ்வளவு இடம் தேவை தெரியுமா? கர்நாடகத்தின் நாகரஹொளேயில் 100 சதுர கிலோமீட்டருக்குப் பத்துப் புலிக்கும் மேல் வாழ்கின்றன. மலேசியாவின் தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் ஆய்வாளர்கள் எண்ணியபோது அதே 100 சதுர கிலோமீட்டரில் கிடைத்தது எத்தனை? ஒன்று! மிஞ்சிப்போனால் இரண்டு!

ஏன் இவ்வளவு வித்தியாசம்? மழைக்காடு பார்க்கச் செழிப்பு. அந்தச் செழிப்பெல்லாம் மேலே, 40 மீட்டர் உயரத்தில்! பழமும் தளிரும் குரங்குக்கும் பறவைக்கும். தரையில் வெயிலே விழாது, புல்லே முளைக்காது. புல் இல்லாத இடத்தில் மான் எங்கிருந்து வரும்? மான் இல்லாத இடத்தில் புலி எங்கிருந்து வரும்?

ஒரு கணக்குப் போடுவோமா? கேமரன் மலை மாவட்டத்தின் பரப்பு சுமார் 712 சதுர கிலோமீட்டர். தோட்டம், கடை, சாலை, விடுதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மாவட்டம் முழுவதையும் காடாக்கினால்கூட எத்தனை புலிக்கு இடம் இருக்கும்? ஏழு முதல் பதினான்கு! அவ்வளவுதான்!

ஒரு புலிக்கு ஆண்டுக்கு 50 பெரிய இரை வேண்டும். வாரத்துக்கு ஒன்று! மலேசியாவில் அதன் சாப்பாட்டுப் பட்டியலில் முதலிடம் யாருக்கு? காட்டுப்பன்றி, கடமான், கேளையாடு. சில நேரம் சூரியக் கரடியைக்கூட அடித்துவிடும்!

பத்து முறை பாய்ந்தால் எத்தனை முறை இரை சிக்கும்? ஒரு முறை! மிச்சம் ஒன்பது முறையும் வெறும் வயிறு!

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாதா?

தின்னும்! பழமொழி சொன்ன பாட்டி மன்னிக்க வேண்டும். புலியின் எச்சத்தை ஆராய்ந்தவர்கள் அதில் அடிக்கடி புல்லைப் பார்த்திருக்கிறார்கள்! பசிக்காகத் தின்பதில்லை, வயிற்றைச் சுத்தம் செய்யத்தான் என்பது பொதுவான கருத்து.

இன்னொரு வியப்பு. பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் புலி பச்சைக் காட்டில் எப்படி ஒளிந்துகொள்கிறது? மானின் கண்ணுக்கு ஆரஞ்சு தெரியாது! மானுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கும் திறன் இல்லை. அது பார்க்கும் புலி... பச்சைப் புலி!

புலியின் காதுக்குப் பின்னால் பார்த்திருக்கிறீர்களா? கறுப்பு மேல் வெள்ளையாக ஒரு பொட்டு, இரண்டு காதிலும்! பின்னால் இருந்து பார்த்தால் விழித்துப் பார்க்கும் இரண்டு கண் போலவே இருக்கும்!

உறுமல் கேட்கும் தூரம்? 3 கிலோமீட்டர்! வயிற்றில் குட்டி தங்கும் காலம்? சுமார் 100 நாள்தான்! பிறக்கும்போது எடை? ஒரு கிலோதான், கண்ணும் திறந்திருக்காது! அப்படிப் பிறந்தது தானே வேட்டையாடித் தனியாகப் போக இரண்டு ஆண்டு ஆகும்!

சிங்கப்பூருக்கு நீந்தி வந்த புலிகள்!

புலிக்குத் தண்ணீர் என்றால் கொண்டாட்டம். விரல்களுக்கு நடுவே சவ்வு உண்டு! ஜொகூரில் இருந்து சிங்கப்பூருக்கு நடுவே கடல், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புலிகள் அதை நீந்தியே கடந்தன! கம்பீர் செடித் தோட்டங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் எத்தனையோ பேர் பலியானார்கள். 'நாளுக்கு ஒருவர்' என்றுகூட அந்தக் காலத்தில் எழுதினார்கள். அது மிகையாக இருக்கலாம். ஆனால் அரசாங்கமே புலித் தலைக்குப் பரிசு அறிவித்தது உண்மை!

1835-இல் நடந்ததைக் கேளுங்கள். ஜார்ஜ் கோல்மன் என்ற கட்டடக் கலைஞர், இந்தியாவில் இருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளை வைத்துச் சிங்கப்பூர்க் காட்டில் சாலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். பாய்ந்தது ஒரு புலி! சிதறி ஓடினார்கள் எல்லோரும்! இறந்தது யார்? ஒருவரும் இல்லை! நொறுங்கியது அளவெடுக்கும் கருவி மட்டும்! அந்தக் காட்சியைப் பின்னாளில் ஒரு ஜெர்மன் ஓவியர் வரைந்தார். இன்றும் சிங்கப்பூரில் புகழ்பெற்ற படம் அது.

1902-இல் இன்னும் வேடிக்கை. சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் விடுதி. பில்லியர்ட்ஸ் ஆடும் கட்டடத்துக்கு அடியில் ஒரு புலி! காட்டில் இருந்து வந்தது அல்ல, வித்தை காட்டும் கூட்டத்தில் இருந்து தப்பி வந்தது. சுட்டவர் யார் தெரியுமா? ராஃபிள்ஸ் பள்ளியின் தலைமையாசிரியர்!

1930-களோடு சிங்கப்பூரின் காட்டுப் புலிக் கதை முடிந்தது. ஒரு தீவு... ஒரு புலிகூட இல்லை!

தீவில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

பனி யுகத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது தெரியுமா? அப்போது மலாயா, சுமத்ரா, ஜாவா, பாலி, போர்னியோ எல்லாமே ஒரே நிலம்! புலி கால் நனையாமல் பாலிக்கு நடந்தே போயிருக்கிறது! பனி உருகியது. கடல் ஏறியது. நிலம் தீவு தீவாகப் பிரிந்தது. புலிகள் ஆளுக்கொரு தீவில் மாட்டிக்கொண்டன.

பிறகு? பாலிப் புலி, 1930-களோடு சரி. ஜாவாப் புலி, 1970-களுக்குப் பிறகு உறுதியான தடயமே இல்லை. தீவுப் புலிகளில் இன்று மிச்சம் இருப்பது சுமத்ராவில் மட்டும், அதுவும் சில நூறு!

தீவில் ஏன் சீக்கிரம் அழிகிறது? போக வேறு இடம் இல்லை. புதிய ரத்தம் வர வழி இல்லை. உறவுக்குள்ளேயே இணை சேர்ந்து வம்சம் பலவீனமாகும். ஒரு நோய், ஒரு வறட்சி, ஒரு வேட்டைக்கூட்டம் போதும்!

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? கேமரன் மலையைச் சுற்றிக் கடல் இல்லை. ஆனால் சாலை இருக்கிறது, காய்கறித் தோட்டம் இருக்கிறது, செம்பனைத் தோட்டம் இருக்கிறது, நகரம் இருக்கிறது! தரைமேலேயே தீவு உருவாகிக்கொண்டிருக்கிறது!

திதிவாங்சாக் காட்டையும் தாமான் நெகாராக் காட்டையும் இணைப்பது எது தெரியுமா? பகாங்கின் வடக்கே, லிப்பிஸ் மாவட்டத்தில், சுங்கை யூ என்ற குறுகலான காட்டுத் துண்டு! நாட்டின் இரண்டு மாபெரும் புலிக் காடுகளுக்கு நடுவே ஒரே ஒரு கழுத்து! அதன் குறுக்கே நெடுஞ்சாலை ஓடுகிறது. நல்ல வேளையாக, வண்டிகள் மேலே போகவும் விலங்குகள் கீழே போகவும் அங்கே மேம்பாலங்கள் கட்டியிருக்கிறார்கள்! பாலத்தின் கீழே யானைக்கும் புலிக்கும் வழி! இந்தக் கழுத்து அறுந்தால் திதிவாங்சாவும் ஒரு தீவுதான்.

சோழர் கொடியில் ஒரு புலி, காட்டில் ஒரு புலி!

ராஜேந்திர சோழனின் படை கடாரத்துக்குப் போன ஆண்டு 1025. கடாரம் எது? இன்றைய மலேசியாவின் கெடா! கொடியில் இருந்த விலங்கு எது? புலி! ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் தமிழர்களின் துணிப் புலி அந்தக் கரையில் இறங்கியபோது, உள்ளே காட்டில் நிஜப் புலி உறுமிக்கொண்டிருந்திருக்கும்!

அதற்குத் தொள்ளாயிரம் ஆண்டு கழித்துத் தமிழர்கள் அதே தீபகற்பத்தின் கேமரன் மலைக் காட்டுக்குள் தேயிலை நட ஏறினார்கள். 1929-இல் தொழிலதிபர் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' என்ற தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது அவருக்குக் கைகொடுத்தவர் யார் தெரியுமா? இலங்கையில் அனுபவப்பட்ட ஒரு தோட்டத்துரை! காட்டை வெட்டித் திருத்தி, செங்குத்துச் சரிவில் ஒவ்வொரு செடியாக ஊன்றிய கைகள் தமிழ்த் தொழிலாளிகளின் கைகள். புலியின் வீட்டு வாசலில் லயம் என்ற வரிசை வீடுகளில் பிள்ளை வளர்த்தவர்கள் அவர்கள்! அந்தத் துணிச்சலுக்கு எத்தனை வணக்கம் சொன்னாலும் தகும்.

மலேசியா என்றாலே வெப்பம்தானே என்கிறீர்களா? அவர்கள் ஏறிய மலையில் குளிரும் உண்டு! கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1 அன்று பதிவான குளிர் எவ்வளவு தெரியுமா? 7.8 டிகிரி!

பட்டு வியாபாரியைப் புலி தின்றதா?

1967 மார்ச் 26. ஈஸ்டர் ஞாயிறு. கேமரன் மலையின் தானா ராத்தா நகரில் மூன்லைட் பங்களா. தாய்லாந்துப் பட்டை உலகப் புகழ் பெறச் செய்த அமெரிக்கர் ஜிம் தாம்சன், வயது 61, நண்பர்களோடு விடுமுறைக்கு வந்திருந்தார். மதியம் எல்லோரும் ஓய்வெடுக்கும் நேரத்தில் தனியாக வெளியே போனார். சிகரெட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பி வரவே இல்லை!

போலீஸ் தேடியது. ராணுவம் தேடியது. ஹெலிகாப்டர் தேடியது. காட்டின் ஒவ்வொரு தடமும் தெரிந்த ஒராங் அஸ்லி பூர்வகுடிகள் தேடினார்கள். மந்திரவாதிகள்கூடத் தேடினார்கள்! கிடைத்தது என்ன? ஒரு பொத்தான்கூட இல்லை!

போர்க்காலத்தில் அவர் அமெரிக்க உளவுத்துறையில் இருந்தவர். அதனால் கடத்தல் என்றார்கள், சதி என்றார்கள். புலி தின்றிருக்கும் என்றும் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. புலி அடித்தால் ரத்தம் இருக்கும், கிழிந்த துணி இருக்கும், இழுத்த தடம் இருக்கும். ஒராங் அஸ்லிக் கண்களுக்கு அது தப்பியிருக்காது! ஏறக்குறைய அறுபது ஆண்டாகியும் மர்மம் மர்மமாகவே இருக்கிறது.

கருஞ்சிறுத்தைகளின் நாடு!

உலகின் பெரும்பாலான இடங்களில் கருஞ்சிறுத்தை அபூர்வம். மலாயாத் தீபகற்பத்தில்? புள்ளி போட்ட சிறுத்தைதான் அபூர்வம்! 1996 முதல் 2009 வரை தீபகற்பத்தில் கேமராக்கள் எடுத்த 474 சிறுத்தைப் படங்களில் எத்தனை கறுப்பு தெரியுமா? 445! தாய்லாந்தின் கிரா பூசந்திக்குத் தெற்கே எடுத்தவை ஒன்று விடாமல் கறுப்பு!

ஏன்? இருண்ட காட்டில் புலியின் கண்ணில் படாமல் பிழைக்கவா? 74,000 ஆண்டுக்கு முன் சுமத்ராவில் தோபா எரிமலை வெடித்தபோது தப்பிய கொஞ்சச் சிறுத்தைகள் கறுப்பாக இருந்தனவா? இரண்டுமே ஊகம்தான். ஆனால் இரண்டும் எவ்வளவு அழகான ஊகம்!

எல்லாமே கறுப்பு என்றால் ஒன்றையொன்று எப்படிப் பிரித்து எண்ணுவது? அங்கேதான் ஆய்வாளர்களின் மூளை! கேமராவை எந்நேரமும் அகச்சிவப்பு ஒளியில் படம் எடுக்க வைத்தார்கள். கறுப்புக்குள் ஒளிந்திருந்த புள்ளிகள் பளிச்சென்று வெளியே வந்தன! கருஞ்சிறுத்தைக்கும் புள்ளி உண்டு!

இப்போது இலங்கைக்கு வாருங்கள். அங்கே புலி கிடையாது. தீவின் காட்டுக்கு முழு அதிபதி சிறுத்தைதான்! வளர்ந்தவை ஆயிரத்துக்கும் குறைவு. மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளேயே நடமாடும். அங்கே கருஞ்சிறுத்தை அபூர்வத்திலும் அபூர்வம். 2020 மே மாதம் நல்லதண்ணி பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்படி ஒரு கருஞ்சிறுத்தை கிடைத்தது. எப்படி? கழுத்தில் கம்பிச் சுருக்கு இறுகிய நிலையில். மீட்டுச் சிகிச்சை கொடுத்தும் சில நாளில் இறந்துபோனது. ஒரு தீவின் அதிசயத்தை ஒரு முழக் கம்பி கொன்றுவிட்டது!

புலி மட்டும்தான் வேட்டைக்காரனா?

இல்லை! கேமரன் மலையின் மேகக்காட்டில் பச்சைநிறக் குழிவிரியன் ஒன்று இருக்கிறது. அறிவியல் பெயர் ட்ரைமெரெசுரஸ் நெபுலாரிஸ். உலகுக்கு அறிமுகமானது எப்போது? மலாயாப் புலி பெயர் வாங்கிய அதே 2004-இல்! இரண்டு வேட்டைக்காரர்கள், ஒரே ஆண்டில் ஞானஸ்நானம்! கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கும் குழியால், கும்மிருட்டிலும் எலியின் உடல் சூட்டைக் கண்டுபிடித்துவிடும்!

குளிரான மலையுச்சி மட்டுமே இதற்கு ஒத்துவரும். கீழே வெப்பம் ஒரு கடல் மாதிரி சூழ்ந்திருக்க, மேகத்துக்குள் ஒரு தீவு! அந்தத் தீவின் வாசி இது.

2,031 மீட்டர் உயர பிரிஞ்சாங் மலையின் பாசிக் காட்டில் குடுவைச் செடிகளும் உண்டு. செடியே வேட்டையாடும்! மழை நனைத்த குடுவையின் விளிம்பு சோப்பு போட்ட தரை போல வழுக்கும். எறும்பு கால் வைத்தால்... உள்ளே!

பிரேக் கம்பிதான் எமன்!

புலியைத் துப்பாக்கிதான் கொல்கிறது என்று நினைக்கிறீர்களா? அதைவிடக் கொடியது எது தெரியுமா? மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி! அதை வளைத்துச் சுருக்காக்கி, விலங்கு நடக்கும் தடத்தில் வைத்து, இலையைப் போட்டு மூடிவிடுவார்கள். விலை மலிவு. சத்தம் கிடையாது. ஒரு ஆள் நூற்றுக்கணக்கில் வைக்கலாம்! வைத்தவன் மறந்து போய்விட்டாலும் சுருக்கு மறக்காது, மாதக்கணக்கில் காத்திருக்கும். மானுக்கு வைத்ததில் புலி, பன்றிக்கு வைத்ததில் யானைக் குட்டி!

அடுத்த அடி பன்றியின் வழியாக வந்தது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021-இல் மலேசியாவுக்குள் நுழைந்தது, பிறகு தீபகற்பத்துக் காட்டுப்பன்றிகளைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. பன்றி போனால் புலியின் சோற்றுப் பானையே போச்சு!

இன்னொன்று கேளுங்கள், இது தோட்டத்து மக்களுக்கு நெருக்கமானது. 2019-இல் திரங்கானு மாநிலத்தில் ஒரு கிராமத்துக்குள் புலி ஒன்று வந்து பகலிலேயே சுற்றியது. மனிதரைக் கண்டும் ஓடவில்லை! அவாங் பெசுல் என்று பெயர் வைத்துப் பிடித்துப்போய்ப் பராமரித்தார்கள். ஜூலை மாதம் இறந்துவிட்டது. காரணம் என்ன தெரியுமா? நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ்! தடுப்பூசி போடாத ஊர் நாயிடம் இருக்கும் ஒரு கிருமி, காட்டு ராஜாவைச் சாய்க்க முடியும்! லயத்தில் வளரும் நாய்க்கு ஓர் ஊசி போட்டால் அது காட்டுப் புலிக்கும் காவல்!

திருப்பி அடிக்கிறார்கள்!

இப்போது புலியைக் கொன்று பிடிபட்டால் என்ன தண்டனை தெரியுமா? 2022-இல் திருத்திய சட்டப்படி 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம்! 15 ஆண்டு வரை சிறை!

ஆனால் சட்டம் காட்டுக்குள் நடக்காது. கால் நடக்க வேண்டும். யாருடைய கால்? ஒராங் அஸ்லிகளின் கால்! பேராக் மாநிலத்தின் பெலும் தெமெங்கோர் காட்டில் 2018-இல் இருந்து அவர்களையே காவலர்களாக அமர்த்தினார்கள். சம்பளம் கொடுத்து, சீருடை கொடுத்து, நாள்கணக்கில் ரோந்து! என்ன ஆயிற்று? புதிதாக வைக்கப்பட்ட சுருக்குகள் ஓரிரு ஆண்டிலேயே 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன! தலைமுறை தலைமுறையாகக் காட்டோடு வாழ்ந்தவர்களிடம் காவலை முன்பே கொடுத்திருக்கலாமே என்று மனம் பதைக்கிறது. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களும் இப்போது அரசின் காட்டு ரோந்தில் இருக்கிறார்கள்.

பகாங் சும்மா இருக்குமா? 2023-இல் அல்-சுல்தான் அப்துல்லா அரச புலிக் காப்பகம் பிறந்தது! பரப்பு சுமார் 1,34,000 ஹெக்டேர். சிங்கப்பூர் போல ஏறக்குறைய இரண்டு பங்கு! தாமான் நெகாராவை ஒட்டியே அமைந்திருப்பதால் புலிக்கு வீடு பெரிதாகிவிட்டது!

150-இல் இருந்து மேலே ஏற முடியுமா? சந்தேகப்படுகிறவர்கள் தமிழ்நாட்டைப் பார்க்கட்டும்! 2006-இல் நம் மாநிலத்தில் எத்தனை புலி? 76! 2022-இல்? 306! சத்தியமங்கலத்தில் 2011-இல் 25-ஆக இருந்தது பத்தே ஆண்டில் 80 ஆனது. அதற்கு உலக விருதே கிடைத்தது! வீரப்பன் காடு என்று பயந்த இடம் இன்று புலிக் காடு! இரையும் இடமும் கொடுத்து, சுருக்கை எடுத்துவிட்டால் போதும். மிச்சத்தைப் பெண்புலி பார்த்துக்கொள்ளும், ஒரே ஈற்றில் இரண்டு மூன்று குட்டி!

நீங்களும் போகலாம் தெரியுமா? மைகேட் என்ற புலிப் பாதுகாப்புக் கூட்டணி, அந்தச் சுங்கை யூ காட்டுக் கழுத்தில் 2010-இல் இருந்து சாதாரண மக்களை நடக்க அழைத்துப் போகிறது! மாணவர், ஆசிரியர், கணக்கர், இல்லத்தரசி என்று பல நாட்டவர் வந்து நடந்திருக்கிறார்கள். அவர்கள் செய்வது என்ன? நடக்கிறார்கள்! சுருக்கைக் கண்டால் தகவல் சொல்கிறார்கள்! ஆள் நடமாட்டம் இருக்கும் காட்டில் வேட்டைக்காரன் கால் வைக்கத் தயங்குவான். புலியை அவர்களில் யாரும் பார்ப்பதில்லை. சேற்றில் பதிந்த தடத்தைப் பார்த்தவர்கள் உண்டு!